வாசல் முக்காலி

யாங்கோனில் அலோன் பக்கம் மழையில் மாட்டிக்கொண்டு அந்தச் சின்னத் தமிழ்ச் சர்ச்சின் கேட்டோரம் ஒதுங்கினால் மழையிலிருந்து தப்பலாம். அக்காவிடமிருந்து தப்ப முடியாது. நான் மாட்டியது அப்படித்தான். குடை கிழிந்து, இந்த ஊரில் பெண்களும் கட்டும் லுங்கி முழங்கால் வரை நனைந்து, எரிச்சலோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"அங்க ஏன் நிக்கிற? உள்ள வா."

"பரவால்லங்க. மழை விட்டதும் போயிருவேன்."

"மழை விடுறப்ப விடட்டும். நீ உள்ள வா."

"நான் இந்துங்க."

"இந்துவுக்கு நனையாதா?"

அதற்குமேல் என்ன பேசுவது? போனேன். கையில் ஒரு துண்டு, அடுத்த கையில் சூடாக லப்பயே டீ, மடியில் யாருடைய குழந்தையோ ஒன்று. மழை விட்டபோது பைபிள் வகுப்பில் பாதி முடிந்திருந்தது. எனக்கு இப்படி ஊருக்கு உழைக்கும் ஆட்களைக் கண்டாலே ஆகாது. இனி இந்தத் தெருவே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். அடுத்த வாரமே அதே தெருவில் நடந்தேன். டீ நன்றாக இருந்தது, வேறொன்றுமில்லை.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது, இருந்தும் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. தமிழ் ஆட்களுக்கு 'உள்ள வாங்கக்கா'. மிஷன் பள்ளியில் படித்தவர். படகுத்துறைப் பக்கம் ஒரு கிடங்கு ஆபீஸில் டைப்பிஸ்ட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "ஒருத்தனை மட்டும் உள்ள கூப்பிட்டு மத்தவங்களை வெளிய நிறுத்தச் சொல்றாங்க, அது நமக்கு ஆவாது" என்பார்.

யாராவது வெளியே நின்றால் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வியாதி மாதிரி. சிலருக்குத் தொங்கும் படத்தை நேராக்காமல் இருக்க முடியாதல்லவா, அந்த ரகம். மீட்டர் பார்க்க வந்தவர், அரிசிக் காணிக்கைக்கு வரும் ரோஸ் நிற அங்கி போட்ட பர்மியச் சன்னியாசினிப் பெண்கள், சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா மிதிப்பவர், அந்தத் தெருவின் சொறி நாய், எல்லோரும் அந்தச் சர்ச்சின் உள்ளே ஒரு முறையாவது உட்கார்ந்தவர்கள்தான். தொண்ணூறுகளில் எதிர்ச் சாரியில் அரசாங்க உளவு ஆள் ஒருவர் நிற்பாராம். யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்ப்பது அவருடைய உத்தியோகம். வெயிலில் நிற்கிறாரே என்று அக்கா அவரையும் இழுத்து வந்து மூன்றாவது பெஞ்சில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைத்துவிட்டார். மனிதர் பிரசங்கம் முழுக்கத் தூங்கினாராம். பிறகு ஒரு வாரம், "இன்னைக்கு டூட்டி இல்ல, சும்மாதான் வந்தேன்" என்று அவரே வந்து நின்றாராம்.

இதில் தொல்லையும் உண்டு. ஒருவன் காதலியைப் பார்க்க கேட்டடியில் ரகசியமாகக் காத்திருந்தான். அக்கா விடுவாரா? அந்தப் பெண் வந்து தேடித் தேடி, கடைசியில் அவனை முதியோர் ஜெபக் கூட்டத்தில், இரண்டு பாட்டிமாருக்கு நடுவில் கண்டுபிடித்தாள். அந்தப் பெண்ணின் அத்தையும் அதே கூட்டத்தில் இருந்தார். அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. "தெருவுல நிக்கிறதுக்குக்கூட சிலருக்குக் காரணம் இருக்கும்க்கா" என்று நான் சொன்னதற்கு, "அப்படி என்ன காரணம்?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

இப்படிப்பட்டவர் சர்ச்சுக்குள் உட்கார மாட்டார் என்பதுதான் விசித்திரம். ஞாயிற்றுக்கிழமை வாசற்படிக்கு வெளியே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். வருகிறவர்களையெல்லாம் உள்ளே அனுப்புவார். பாட்டு, பிரசங்கம் எல்லாம் அங்கேயிருந்தேதான். நற்கருணையைக்கூடப் பாஸ்டர் வாசலுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். வரவேற்பில் அவ்வளவு பக்தி என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அவருடைய தம்பியைப் பார்க்கும் வரை.

தம்பி ஜெயசீலன் லான்மடா பேட்டையில் அழகு நிலையம் வைத்திருந்தார். முதல் மாடியில் கடை, அதற்கு மேல் மாடியில் வீடு. அந்த வீட்டில் அவரும் கோ தூரா என்ற பர்மியரும் குடும்பமாக இருந்தார்கள். கோ தூரா கீழே தெருமுனையில் காலை மொஹிங்காக் கடை போடுவார். அந்த மீன் குழம்புக்கும் நூடுல்ஸுக்கும் வரிசை நிற்கும். இப்போது தமிழில் தன்பால் ஈர்ப்பாளர் என்று மரியாதையாக ஒரு சொல் இருக்கிறது. அன்று எங்களிடம் இருந்தவை கேலிச் சொற்கள்தான், பர்மியிலும் தமிழிலும் தாராளமாக. ஜெயசீலன் அதையெல்லாம் கேட்டுக் கேட்டு காது காய்த்தவர். தாங்க முடியாமல் போனது வேறொன்று.

அவர் பாடகர் குழுவில் இருந்தவர். அந்தச் சர்ச்சில் அவர் குரலுக்கு மேல் குரல் கிடையாது என்று அவரைப் பிடிக்காதவர்களே சொல்வார்கள். ஏழெட்டு வருஷம் முன்னால் கமிட்டி கூடி, 'வரலாம், ஆனால் பாட வேண்டாம், பின்னால் உட்காரட்டும், நற்கருணை எடுக்க வேண்டாம்' என்று முடிவு செய்தது. செக்ரட்டரி அதை மரியாதையாகவே சொன்னாராம். ஜெயசீலனும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, பாட்டுப் புத்தகத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனவர்தான். அதற்கு அடுத்த ஞாயிறு அக்கா முக்காலியைத் தூக்கி வாசலில் போட்டார்.

"அவன் வெளிய இருக்கான். நான் மட்டும் உள்ள உக்காந்து அல்லேலூயா பாடணுமா? என்னைக்கு அவன் உள்ள வர்றானோ அன்னைக்கு நானும் வரேன்" என்று என்னிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. நல்லவேளையாக அந்த நேரம் தபால்காரர் வந்தார், அக்கா அவரை உள்ளே இழுக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமைதோறும் அக்கா தம்பி வீட்டுக்குப் போவார். எல்லாம் பேசலாம், சர்ச்சைப் பற்றி மட்டும் வாயே திறக்கக் கூடாது. "கோயில் பேச்சை எடுத்த, தலையில சிவப்பு டை பூசி விட்டுருவேன் பாத்துக்க" என்பார் ஜெயசீலன். ஒரு முறை அக்கா எடுத்தார். நெற்றிக்கு மேலே ஒரு கொத்து முடி மாதக்கணக்கில் செம்பருத்தி நிறத்தில் இருந்தது.

நான் அப்போது லான்மடாவில் ஒரு விளம்பரக் கம்பெனியில் இருந்தேன். இருமல் மருந்து, சோப்பு, காபித் தூள் எல்லாவற்றுக்கும் பர்மியில் வசனம் எழுதி, படம் பிடித்து, நாடாவை டிவி நிலையத்துக்குக் கொண்டுபோய் அனுமதி வாங்குவது வேலை. ஒரு நாள் அக்கா ஆபீஸ் படியேறி வந்தார்.

"தங்கச்சி, டிவியில ஒரு விளம்பரம் போடணும்."

"எதுக்குக்கா?"

"சர்ச்சுக்கு. யார் வேணாலும் வரலாம்னு."

"அதை நீங்களே வாசல்ல உக்காந்து கத்திக்கிட்டுத்தானே இருக்கீங்க."

"நான் கத்துறது அவனுக்குக் கேக்கல. அவன் கடையில டிவி காலையிலேருந்து ஓடிக்கிட்டே இருக்கு. நான் சொன்னா டை பூசுவான். டிவி சொன்னா என்ன பண்ணுவான்?"

ஒரே ஒரு ஆள் பார்ப்பதற்காக ஊருக்கெல்லாம் விளம்பரம்! இவருக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்தேன். ஆனாலும் முதலாளி வெளியூர் போன நாளில் கேமராவை எடுத்துக்கொண்டு அலோனுக்குப் போனது நான்தான். பாஸ்டர், "எனக்குத் தெரியாதுன்னு வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

காட்சி இதுதான். மழை. சர்ச் கதவு திறந்திருக்கிறது. கூடைக்காரி வருகிறாள், சைக்காக்காரர் வருகிறார், கன்னத்தில் தனாக்கா பூசிய பள்ளிப் பெண்கள் வருகிறார்கள். கடைசியில் ஒரே குடையில் இரண்டு ஆண்கள், கை கோத்து. எல்லோரும் உள்ளே போகிறார்கள். மழைக்கு மாடியிலிருந்து ரப்பர் குழாய். அந்த இரண்டு ஆண்களாகத் தெருமுனையில் கேரம் ஆடும் இருவரைப் பிடித்து வந்திருந்தார் அக்கா. விஷயம் தெரிந்ததும் அதில் ஒருவன் குடையை விட்டு விலகி விலகி முழுக்க நனைந்துபோனான்.

"கிட்ட நில்லுடா! ஒட்டிக்கிறதுக்கு அது என்ன அம்மையா?" என்று அக்கா போட்ட சத்தத்தில் குழாய் பிடித்தவன் குழாயை நழுவவிட்டான். அடுத்த முறை சரியாக வந்தது.

டிவி நிலையத்தில் விளம்பரம் பார்க்கும் அதிகாரி நல்ல மனிதர். எனக்குப் பழக்கம். உட்கார வைத்து வெறும் தேநீர் ஊற்றினார். பேச்சு பர்மியில்தான், தமிழில் சொல்கிறேன்.

"என்ன சரக்கு?" என்றார்.

"சரக்கு இல்லைங்க. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை" என்றார் அக்கா.

"விலை?"

"சும்மாதான்."

"சும்மா கொடுக்கிறதுக்கு எதுக்கம்மா விளம்பரம்?"

"சும்மான்னாலும் வர மாட்டேங்கிறாங்களே!"

அதிகாரி தலையைச் சொறிந்துகொண்டு நாடாவைப் போட்டுப் பார்த்தார். கூடைக்காரிக்குப் புன்னகைத்தார். பள்ளிப் பெண்களுக்கும் புன்னகைத்தார். குடை வந்ததும் நிறுத்தினார்.

"இவங்க யாரு? அண்ணன் தம்பியா?"

எனக்கு உயிர் வந்தது. ஆமாம் என்று ஒரு சொல் போதும், பாதி வழி தாண்டிவிடலாம். வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"இல்லைங்க. ஒரு வீட்ல சேர்ந்து வாழ்றவங்க. குடும்பம்."

அதிகாரி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார். "அம்மா, மத விளம்பரம் போட எனக்கு அதிகாரம் இல்லை. இதைப் போடவே போடக் கூடாது. ரெண்டையும் ஒரே நாடாவுல கொண்டுவந்திருக்கீங்க. நான் பென்ஷன் வாங்க வேணாமா?"

நான் நாடாவை எடுத்துக்கொண்டு அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். கதவு வரை வந்தவர் திரும்பினார். "நீங்களும் ஒரு நாள் வாங்க. உள்ள இடம் இருக்கு." அந்த மனிதர் யாராவது கேட்டுவிட்டார்களா என்று தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தார், பாவம்.

வழியெல்லாம் அக்கா பேசவில்லை. ஐயோ, இந்த வாய் மூடிக்கிடக்குமா என்று எனக்குப் பயமாகிவிட்டது. அந்த வாரம் சனிக்கிழமை தம்பி வீட்டுக்கும் போகவில்லையாம். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினாராம்.

அப்போதுதான் எங்கள் ஆபீஸ் டிஷ் டிவியில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவில் ஒரு சபை, ஆணும் ஆணுமாக வந்தாலும் எங்கள் கதவு திறந்திருக்கும் என்று விளம்பரம் எடுத்ததாம். அங்குள்ள பெரிய டிவிக்காரர்கள் சிலர், இது சர்ச்சைக்குரியது, போட மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நான் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்.

"அமெரிக்காவிலயா? காசு குடுத்துமா?"

"காசு குடுத்தும்தான்."

முகம் அப்படியே மலர்ந்தது. "அப்ப நாம தோக்கல தங்கச்சி. அமெரிக்காக்காரனுக்குச் சமமாத்தான் இருக்கோம்!" என்று என் முதுகில் ஓர் அறை வைத்தார். இரண்டு நாள் வலித்தது.

அடுத்த நாளே புது யோசனை. யாங்கோன் மாடி வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெரு வரை ஒரு கயிறு தொங்கும். மேல் முனையில் மணி, கீழ் முனையில் ஒரு கிளிப். பத்திரிகைக்காரன் பத்திரிகையை மாட்டிக் கயிற்றை இழுப்பான், மேலே மணி அடிக்கும், வீட்டுக்காரர்கள் கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொள்வார்கள். படியேறும் வேலை இல்லை. "இதுக்கு எந்த ஆபீஸர்கிட்ட அனுமதி வாங்கணும்?" என்றார் அக்கா.

விளம்பர வசனத்தையே பர்மியில் துண்டுச் சீட்டாக அடித்துக்கொண்டார். 'ஞாயிறு காலை. யார் வேண்டுமானாலும் வரலாம். தனியாக வரலாம், ஜோடியாக வரலாம். யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம்.' கீழே சர்ச் இருக்குமிடம். கிறிஸ்மஸுக்கு முந்திய வாரம், விடிந்தும் விடியாத காலையில் ஜெயசீலனின் தெருவில் இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நான். மாட்டு, இழு, நட. தெரு முழுக்க மணிச் சத்தம். தூக்கக் கலக்கத்தில் ஆட்கள் பால்கனியில் வந்து எட்டிப் பார்த்தார்கள், கயிறுகள் ஒவ்வொன்றாக மேலே போயின. ஜெயசீலனின் கயிற்றை அக்காதான் இழுத்தார். மேலே மணி அடித்தது. திரை அசைந்த மாதிரி இருந்தது. கயிறு அசையவில்லை.

"தூங்குறான் போல" என்றார் அக்கா. கோ தூராவின் கடை அதற்குள் திறந்திருந்தது, அவர்கள் வீட்டில் அந்த நேரத்தில் யாரும் தூங்க மாட்டார்கள். நான் அடுத்த கயிற்றை இழுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது சர்ச் தெருவில் கால் வைக்க இடமில்லை. லான்மடாவே வந்திருந்தது. சீனர், பர்மியர், முஸ்லிம், குழந்தை குட்டி. ஒவ்வொருவர் கையிலும் தூக்குச் சட்டி. எனக்கு விளங்கிவிட்டது, தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் 'யார் வேண்டுமானாலும் வரலாம், யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம்' என்று ஒருவர் சொன்னால் அதற்கு அன்னதானம் என்றுதான் அர்த்தம். புண்ணியத்துக்காகத் தெருவுக்கே சோறு போடுவது பர்மியர் வழக்கம். பிரசங்கம் கேட்க இப்படி யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறோம், எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை!

சர்ச்சில் இருந்தது ஒரு டின் பிஸ்கட்.

செக்ரட்டரி வேர்த்து விறுவிறுத்து வந்தார். "சிஸ்டர், என்ன கூத்து இது? யார் இவங்கெல்லாம்?"

"விருந்தாளிங்க" என்றார் அக்கா. முகம் வெளுத்திருந்தது.

"சாப்பாடு எங்கன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்ல? கேட்டைப் பூட்டப் போறேன்."

"பூட்டாதீங்க. திருப்பி அனுப்ப மாட்டோம்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

"எழுதுனது நீங்க. அவமானம் எங்களுக்கா?" செக்ரட்டரி பூட்டும் கையுமாகக் கேட்டை நோக்கிப் போனார். அக்கா முக்காலியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடினார். கூட்டத்தில் ஒரு கிழவர், சாப்பாடு ஆகவில்லையென்றால் காத்திருக்கிறோம், அவசரமில்லை என்று பர்மியில் ஆறுதல் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது. அக்காவின் கண்ணில் தண்ணீர் முட்டியது.

அந்த நேரம் தெருமுனையில் ஒரு சத்தம். "சூடு! சூடு! வழி விடுங்க!"

தூக்குச் சட்டியோடு கிளம்பிய பக்கத்து வீட்டுக்காரி, "உன் அக்கா சோறு போடுதாமே, நீ வரலியா?" என்று ஜெயசீலனிடம் கேட்டாளாம். அக்காவுக்கு டீ போடத் தெரியும், அதற்குமேல் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். சீட்டில் இருந்ததும் தெரியும், ஏனென்றால் அன்றைக்கு நாங்கள் தெருவைத் தாண்டிய பிறகு கயிற்றை இழுத்துச் சீட்டை எடுத்திருக்கிறார். என்ன நடந்திருக்கும் என்று அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கோ தூரா வரிசையில் நின்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கடையைக் கட்டினார். அன்றைய மொஹிங்கா முழுவதும், அடுப்பிலிருந்து இறக்கிய அண்டாவோடு சைக்காவில் ஏறியது. பின்னால் இன்னொரு சைக்காவில் நூடுல்ஸ் கூடைகளும் அழகு நிலையப் பெண்களும்.

இப்போது மூங்கில் கழியில் அண்டாவைக் கட்டி, முன்னால் ஜெயசீலன், பின்னால் கோ தூரா, தோளில் சுமந்து வந்தார்கள். ஆவி பறந்தது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. கேட்டில் பூட்டோடு நின்ற செக்ரட்டரி யார் வருகிறார்கள் என்று பார்த்தார். வாயைத் திறந்தார்.

"சூடு சார், சூடு! கொட்டிரும்!" என்றார் ஜெயசீலன்.

கொதிக்கிற அண்டா நெஞ்சுக்கு நேரே வரும்போது கமிட்டித் தீர்மானத்தை யார் நினைப்பார்கள்? செக்ரட்டரி துள்ளி ஒதுங்கி, கேட்டைத் தானே அகலத் திறந்துவிட்டார். "பாத்து, பாத்து, படி இருக்கு" என்றும் சொன்னார். பக்கத்துச் சந்தெல்லாம் ஆட்கள். பின்கட்டுக்குப் போக சர்ச்சுக்கு நடுவில்தான் வழி. இரண்டு பேரும் அண்டாவோடு வாசற்படி ஏறி, பெஞ்சுகளுக்கு நடுவே நேராக நடந்து, முன்வரிசைக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க இறக்கி வைத்தார்கள். பாடகர் குழு பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. பாஸ்டர் முன்னால் வந்து தன் கைக்குட்டையைக் கோ தூராவிடம் கொடுத்தார்.

ஜெயசீலன் தோளைத் தேய்த்துக்கொண்டே சுற்றிலும் பார்த்தார். அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது போலிருந்தது. ஒரு நிமிஷம் திரும்பிப் போய்விடுவார் என்றே நினைத்தேன். பிறகு வாசலைப் பார்த்தார். அங்கே அக்கா முக்காலியை மார்போடு கட்டிக்கொண்டு, படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உலகத்தையே உள்ளே கூப்பிட்டவர், படியில் ஒரு காலை வைத்து, மறுபடி எடுத்துக்கொண்டார்.

"அங்க ஏன்க்கா நிக்கிற?" என்றார் ஜெயசீலன். "உள்ள வா."

அக்கா போனார். முக்காலியைக் கீழே வைக்கக்கூட மறந்து, அதைத் தூக்கிக்கொண்டே, அழுதுகொண்டே, நடுவழியில் பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டு போனார். யாரோ சிரித்தார்கள், யாரோ பாட்டை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். கரண்டியைக் கையில் எடுத்த ஜெயசீலன் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே சேர்ந்து பாடினார். அந்தக் குரலைப் பற்றி அவர்கள் சொன்னது பொய்யில்லை.

வாசல் காலியாக இருந்தது. கதவடியில் நான் மட்டும் நின்றேன். அன்றைக்கு என்னைக் கூப்பிட அங்கே யாரும் இல்லை. நானாகவே உள்ளே போனேன்.